சுவரில் இருக்கும் சுவிட்ச்: ஒரு சின்ன வரலாறு

போன மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு பத்து மணி இருக்கும். நம் பிளாக்கின் மூன்றாம் மாடியில் இருக்கும் ஓர் அம்மா இன்டர்காமில் கூப்பிட்டார். "சார், தூங்கிட்டீங்களா? பெட்ரூம் லைட்டை அணைச்சாலும் முழுசா அணைய மாட்டேங்குது. மினுக்மினுக்னு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. பேரப்பிள்ளைங்க பயப்படுறாங்க" என்றார்.

ஒரு தொழிற்சாலையின் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இது நம் வளாகத்தில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் இப்படிப்பட்ட அழைப்புகள் வருவது வழக்கம். டெஸ்டரை எடுத்துக்கொண்டு போனேன். சுவிட்ச் அணைந்திருந்தது. ஆனாலும் எல்.இ.டி. பல்பு மின்மினிப் பூச்சி அளவுக்கு மங்கலாக ஒளிர்ந்தது. அவருடைய மகன் ஏற்கெனவே வேறு பல்பு போட்டுப் பார்த்திருந்தார். அன்று மாலையில் சுவிட்சையே புதிதாக மாற்றியும் விட்டார். அப்படியும் அந்த ஒளி போகவில்லை.

கோளாறு பல்பிலும் இல்லை, சுவிட்சிலும் இல்லை. அது எங்கே இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அது புரிய வேண்டுமானால் சுவிட்ச் என்ற பொருள் எங்கிருந்து வந்தது, அது எதற்காகச் செய்யப்பட்டது, அதன் பின்னால் ஒயர்கள் எப்படிப் போகின்றன என்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

பூச்சாடியைத் தூக்கினால் விளக்கு அணையும்

மின்விளக்கு வருவதற்கு முன் மேல்நாட்டு நகரங்களில் வீட்டு விளக்கு என்றால் எரிவாயு விளக்குதான். குழாயைத் திறந்து தீக்குச்சி கிழித்துப் பற்றவைக்க வேண்டும். அந்தப் பழக்கம் எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்றால், மின்விளக்கு வந்த புதிதில் அமெரிக்க ஓட்டல் அறைகளில் ஓர் அறிவிப்புப் பலகை மாட்டவேண்டியிருந்தது. விளக்கைத் தீக்குச்சியால் ஏற்ற முயல வேண்டாம், கதவருகே சுவரில் இருக்கும் திருகைத் திருப்பினால் போதும் என்று விருந்தினருக்கு அதில் விளக்கியிருந்தார்கள்.

நம் பேச்சிலும் அந்தப் பழைய காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "லைட்டை அணை" என்கிறோம். அணைப்பதற்கு அங்கே தீ எதுவும் இல்லை. அகல்விளக்குக்கும் அரிக்கேன் விளக்குக்கும் சொன்ன சொல்லை அப்படியே எல்.இ.டி.க்கும் வைத்துக்கொண்டோம்.

இங்கிலாந்தின் வடக்கே நார்தம்பர்லாந்தில் கிராக்சைடு என்று ஒரு மாளிகை. அதன் சொந்தக்காரர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங், பெரிய பொறியாளர், ஆயுத உற்பத்தியாளர். தன் நிலத்தில் ஓடிய நீரைக் கொண்டு ஜெனரேட்டரைச் சுழற்றி, 1880-ஆம் ஆண்டின் இறுதியில் வீட்டுக்குள் மின்விளக்குகளை எரியவிட்டார். விளக்குகளைச் செய்து கொடுத்தவர் நியூகாசில் நகரத்து ஜோசப் ஸ்வான். எடிசன் காலத்திலேயே இழை விளக்கை உருவாக்கியவர் அவர்.

அந்த வீட்டின் நூலக அறையில் சில விளக்குகள் செம்பாலான எனாமல் பூச்சாடிகள் மேல் வைக்கப்பட்டிருந்தன. ஜாடியின் அடியில் பாதரசம் நிரப்பிய சிறு கிண்ணம் ஒன்று இருந்தது. விளக்கின் ஒரு ஒயர் அதில் முங்கியிருக்கும். திரும்பிப் போகும் பாதையாக ஜாடியின் செம்பு உடலே வேலை செய்தது. விளக்கை நிறுத்த வேண்டுமா? ஜாடியை அதன் இடத்திலிருந்து தூக்கிவிட வேண்டியதுதான். மறுபடி வைத்தால் எரியும்.

கேட்க வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் இன்று நம் வீட்டுச் சுவரில் இருக்கும் சுவிட்ச் செய்வதும் இதேதான். ஒரு வளையமாகச் சுற்றி வரும் பாதையை ஓரிடத்தில் பிரிக்கிறது, பிறகு சேர்க்கிறது. மின்சாரம் போவதற்கும் திரும்புவதற்கும் இரண்டு ஒயர் வேண்டும். அதில் ஒன்றை வெட்டினாலே விளக்கு நின்றுவிடும். எந்த ஒன்றை வெட்டுகிறோம் என்ற கேள்வி அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு அவசியமும் வரவில்லை.

நியூகாசிலில் பிறந்த 'டக்' சத்தம்

அந்தக் காலத்தில் வீடுகளுக்கு வந்தது பெரும்பாலும் நேர்மின்சாரம், அதாவது டி.சி. நியூயார்க்கில் எடிசன் 1882 செப்டம்பர் 4-ஆம் தேதி பேர்ல் தெருவில் தொடங்கிய மின்நிலையமும் 110 வோல்ட் டி.சி.தான் கொடுத்தது. டி.சி.யில் ஒரு தொல்லை உண்டு. இரண்டு உலோக முனைகளை மெல்லப் பிரித்தால் நடுவில் இருக்கும் காற்று வழியாகவே மின்சாரம் பாயத் தொடங்கிவிடும். பளிச்சென்று நீல வெள்ளையாக ஒரு பொறி நிற்கும். ஆங்கிலத்தில் இதை 'ஆர்க்' என்கிறார்கள். வெல்டிங் பட்டறையில் பார்த்திருப்பீர்கள், அதன் தம்பி இது. இது செம்பு முனைகளைக் கருக்கும், உருக்கும். பக்கத்தில் மரமோ துணியோ இருந்தால் தீயும் பிடிக்கும். ஆக, ஆரம்பகாலச் சுவிட்சை எவ்வளவு நிதானமாகத் திருப்புகிறீர்களோ அவ்வளவுக்கு ஆபத்து.

இதற்கு விடை கண்டவர் ஜான் ஹென்றி ஹோம்ஸ். அவரும் நியூகாசில்காரர். 1884-இல் அவர் காப்புரிமை பெற்ற சுவிட்சில் ஒரு ஸ்பிரிங் இருந்தது. நீங்கள் கைப்பிடியை எவ்வளவு மெதுவாகத் தள்ளினாலும் சரி, ஒரு கட்டத்துக்கு மேல் ஸ்பிரிங் தானே பாய்ந்து முனைகளை ஒரே வீச்சில் பிரித்துவிடும். பொறி நிலைத்து நிற்பதற்கு நேரமே கிடைக்காது. நம் கையின் வேகம் வேறு, முனைகள் பிரியும் வேகம் வேறு என்று ஆக்கியதுதான் அவர் செய்த காரியம்.

சுவிட்சைப் போடும்போது கேட்கும் 'டக்' என்ற சத்தம் அங்கிருந்து வந்தது. இன்றைக்கும் ஒரு சுவிட்ச் அந்தச் சத்தம் இல்லாமல் தொளதொளவென்று ஆடினாலோ, பாதியில் நின்றாலோ, போடும்போது 'சர்ர்' என்று இரைந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். 'இன்னும் வேலை செய்யுதே' என்று விட்டு வைக்காதீர்கள்.

பிறகு மாறுமின்சாரம், ஏ.சி., பரவியதும் சுவிட்சுக்கு வேலை எளிதானது. நமக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஒவ்வொரு வினாடியும் 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வருகிறது. பொறி பிறந்தாலும் அடுத்த பூஜ்யத்தில் தானே அணைந்துவிடும். இதனால்தான் இன்றைய சுவிட்ச் இவ்வளவு மெல்லியதாக, சிறிய இடைவெளியோடு இருக்க முடிகிறது. இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. மாடியில் சோலார் பேனலும் பேட்டரியும் வைப்பவர்கள், பேனலிலிருந்து வரும் டி.சி. லைனில் வீட்டு ஏ.சி. சுவிட்சைப் போடக் கூடாது. 1884-இன் தொல்லை அப்படியே திரும்ப வரும்.

நம் ஊருக்கு வந்த கதை

இந்தியாவில் மின்விளக்கு முதலில் காட்டப்பட்டது கல்கத்தாவில், 1879-இல். அங்கே 1899-இல் மின்நிலையம் அமைந்து வீடுகளுக்கு விநியோகம் தொடங்கியது. மெட்ராஸுக்கு மின்சாரம் வீட்டு வாசல் வழியாக வரவில்லை, தெரு வழியாக வந்தது. 1895-இல் இங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தது. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இலும், பிறகு மேட்டூர் 1937-இலும் வந்தன. 1957-இல் மாநில மின்வாரியம் அமைந்தது. அதன் பிறகுதான் கிராமத்து வீடுகளில் சுவிட்ச் சாதாரணப் பொருளானது.

அந்தக் காலத்து ஒயரிங்கை நம் வளாகத்துப் பெரியவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். சுவரில் தேக்குப் பட்டை அடித்து, அதன் மேல் ரப்பர் உறை போட்ட ஒயரைத் தகரக் கிளிப்பால் வரிசையாகப் பிடித்திருப்பார்கள். சுவிட்சுக்கு அடியில் வட்ட மரக்கட்டை. அதன் மேல் கருப்பாகவோ பழுப்பாகவோ உருண்டையாக ஒரு மூடி. நடுவில் சின்ன நாக்கு. அந்த மூடி பேக்லைட். 1907-இல் லியோ பேக்லண்ட் உருவாக்கிய செயற்கைப் பிசின் அது. அதற்கு முன் பீங்கானும் பித்தளையும் இருந்த இடத்தில் அது வந்து உட்கார்ந்தது. வெப்பத்தில் உருகாது, மின்சாரம் கடத்தாது, அச்சில் வார்க்கலாம். சுவிட்ச் மலிவானதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

நாக்கைக் கீழே தள்ளினால் எரியும், மேலே தள்ளினால் அணையும். இது பிரிட்டனிலிருந்து வந்த வழக்கம். அமெரிக்காவில் நேர் எதிர், மேலே தள்ளினால்தான் எரியும். அங்கே பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வந்தவர்கள் முதல் ஒரு வாரம் இருட்டில் தடுமாறியிருப்பீர்கள். உருண்டை முள் கொண்ட நம் பிளக்கும் பிரிட்டனின் பழைய பி.எஸ். 546 வகையைச் சேர்ந்தது. அவர்கள் 1947-இல் சதுர முள்ளுக்குப் போய்விட்டார்கள், நாம் உருண்டையிலேயே நின்றோம். பழைய 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்பவைதான் இப்போது 6, 16 என்று எழுதப்படுகின்றன.

பிறகு பியானோ சுவிட்ச் வந்தது, பி.வி.சி. ஒயர் வந்தது, குழாய் சுவருக்குள் போனது, இப்போது மாடுலர் சுவிட்ச். நடுவில் ஒரு காலம், செம்பு விலை அதிகமாக இருந்தபோது, பல வீடுகளில் அலுமினிய ஒயர் இழுத்தார்கள். அலுமினியம் திருகின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கித் தளர்ந்துவிடும். மேலே ஒரு ஆக்சைடு படலமும் படியும். இரண்டும் சேர்ந்து முனை சூடாகும். ஊரில் பழைய வீடு வைத்திருப்பவர்கள் சுவிட்சை மாற்றும்போது ஒயர் செம்பு நிறமா வெள்ளி நிறமா என்று ஒரு தடவை பாருங்கள். வெள்ளியாக இருந்தால் ஒற்றைச் சுவிட்சை மாற்றுவதோடு நிற்காமல், முழு ஒயரிங்கையும் ஒரு லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் காட்டுவது நல்லது. சிலவகைச் செம்பு ஒயர்களுக்கும் ஈயம் பூசியிருப்பார்கள். முனையைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எந்த ஒயரை வெட்டுவது?

இப்போது பூச்சாடியிடம் கேட்காமல் விட்ட கேள்விக்கு வருவோம்.

நம் தெரு முனையில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் ஒயரை மண்ணோடு இணைத்திருப்பார்கள். நாம் நிற்கும் தரையும் மண்ணோடு சேர்ந்ததுதான். ஆகவே சரியாக இருக்கும் நியூட்ரலைத் தொட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஃபேஸ் ஒயருக்கும் தரைக்கும் நடுவே 230 வோல்ட் இருக்கிறது. அதைத் தொட்டால் நம் உடலே திரும்பும் பாதையாகிவிடும்.

சுவிட்ச் ஃபேஸ் ஒயரில் இருந்தால், அணைத்த பிறகு ஹோல்டரில் ஃபேஸ் இருக்காது. அதே சுவிட்ச் நியூட்ரலில் இருந்தால்? அணைத்தால் விளக்கு நிற்கும், போட்டால் எரியும். வெளியே பார்க்க எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டர் வரை 230 வோல்ட் வந்து காத்திருக்கும். ஸ்டூல் போட்டு ஏறி, 'சுவிட்சை அணைச்சாச்சே' என்ற நம்பிக்கையில் ஹோல்டரில் கை வைப்பவருக்குத்தான் அது தெரியவரும்.

இந்தப் பாடத்தைப் பல நாடுகள் பட்டுத்தான் கற்றன. மாடிப்படியில் மேலேயும் கீழேயும் ஒரே விளக்கைப் போட்டு அணைக்க டூ-வே சுவிட்ச் வைக்கிறோம். அமெரிக்காவில் ஆரம்பத்தில் இதற்குக் கார்ட்டர் முறை என்று ஒன்று இருந்தது. இரண்டு சுவிட்சுக்கும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கொடுத்துவிடுவார்கள். ஒயர் மிச்சமாகும். ஆனால் விளக்கு அணைந்திருக்கும் நிலைகளில் ஒன்றில், ஹோல்டரின் இரண்டு முனையிலும் ஃபேஸே நிற்கும். 1923-இல் அந்நாட்டு மின்விதிகள் இந்த முறையைத் தடை செய்தன.

நம் நாட்டில் 1910-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் கீழ் வந்த 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 32-ஆவது விதி இதைத் தெளிவாகச் சொன்னது. மண்ணோடு இணைந்த நியூட்ரல் ஒயரில் தனியாக ஃபியூஸோ சுவிட்சோ வைக்கக் கூடாது. வைப்பதானால் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே ஒரே நேரத்தில் துண்டிக்கும் இணைப்புச் சுவிட்சாக இருக்க வேண்டும். இன்றைய பாதுகாப்பு விதிமுறைகளும் அதே வழியில்தான் வருகின்றன.

அதே 1956 விதிகளில் 45-ஆவது விதி நமக்கு இன்னொரு வகையில் முக்கியம். மின்வேலை எதுவும் லைசென்ஸ் பெற்றவரே செய்ய வேண்டும் என்று சொல்லும் அந்த விதி, பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, அமைப்பின் திறனும் தன்மையும் மாறாதபடி மாற்றுவதற்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. அதாவது, பழுதான சுவிட்சை எடுத்துவிட்டு அதே வகைச் சுவிட்சைப் போடுவதை வீட்டுக்காரரே செய்யக்கூடிய சிறு வேலையாக அது கருதியது. புதிய பாயின்ட் இழுப்பதும், 6 ஆம்பியர் இருந்த இடத்தில் 16 ஆம்பியர் போடுவதும் அதில் சேராது.

போர்டைக் கழற்றினால் என்ன தெரியும்?

விளக்குக்கான சுவிட்சில் இரண்டு முனைகள். ஒன்றுக்கு ஃபேஸ் வருகிறது. மற்றதிலிருந்து விளக்குக்குப் போகிறது. நியூட்ரல் சுவிட்சுக்கு வராமல் நேராக விளக்குக்கே போய்விடும். ஒரு போர்டில் நான்கு சுவிட்ச் இருந்தால், ஃபேஸ் முதல் சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து துண்டு ஒயர்களால் அடுத்தடுத்த சுவிட்சுக்குத் தாவும். இதை 'லூப்' என்பார்கள். ஒரே முனையில் இரண்டு ஒயர் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் அது லூப்தான். சுவிட்ச் மாற்றும்போது அதில் ஒன்று நழுவிவிட்டால் அடுத்த சுவிட்சுகள் எல்லாம் செத்துவிடும். 'ஒரு சுவிட்ச் மாத்தினேன், ஹாலே இருட்டாயிடுச்சு' என்று வரும் புகார்களில் பாதி இதுதான்.

போர்டில் பிளக் பாயின்ட்டும் இருந்தால் நியூட்ரலும் எர்த்தும் அதற்காக வந்திருக்கும். வழக்கமான நிறங்கள்: ஃபேஸுக்குச் சிவப்பு (மஞ்சள், நீலமும் ஃபேஸாக வரலாம்), நியூட்ரலுக்குக் கருப்பு, எர்த்துக்குப் பச்சை. சாதனங்களோடு வரும் கேபிளில் மட்டும் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல். இங்கேதான் குழப்பம். சுவருக்குள் நீலம் ஃபேஸாக இருக்கலாம், மிக்ஸி ஒயரில் நீலம் நியூட்ரல். நிறத்தை நம்பாதீர்கள், டெஸ்டரை நம்புங்கள்.

டூ-வே சுவிட்சில் மூன்று முனைகள். பொதுமுனை எது என்பதைக் குறித்துக்கொள்ளாமல் கழற்றினால், திரும்பப் போட்டதும் கட்டில் பக்கச் சுவிட்ச் ஒரு நிலையில்தான் வேலை செய்யும்.

அளவும் முக்கியம். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் சுவிட்சில் ஓட்டினால் முதல் நாள் ஒன்றும் ஆகாது. சில மாதத்தில் சுவிட்ச் மஞ்சளாகும், பிறகு கருகும்.

மாற்றும் வேலையைச் செய்ய நினைப்பவர்கள் இவற்றை மறக்க வேண்டாம்.

1. அந்த அறையின் எம்.சி.பி.யை மட்டும் அணைத்தால் போதாது. இரண்டு ஒயரையும் துண்டிக்கும் மெயின் சுவிட்சையே அணையுங்கள்.
2. இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் மெயினை அணைத்த மறுநொடி இன்வெர்ட்டர் அந்த லைனுக்கு உயிர் கொடுத்துவிடும். அதையும் அணைத்து, வெளியேறும் லைனையும் துண்டியுங்கள்.
3. டெஸ்டர் வேலை செய்கிறதா என்று முதலில் உயிருள்ள இடத்தில் பார்த்துவிட்டு, பிறகு போர்டின் எல்லா முனைகளிலும் வைத்துப் பாருங்கள்.
4. ஒயரைக் கழற்றும் முன் மொபைலில் ஒரு படம் எடுங்கள்.
5. திருகை இறுக்கிய பின் ஒவ்வொரு ஒயரையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். தளர்ந்த முனைதான் நாளைய கருகல்.
6. உள்ளே ஈரம், கருகல், ஒடிந்த ஒயர் எது தெரிந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மூன்றாம் மாடியில் நடந்தது

அந்த வீட்டில் பெட்ரூம் பிளக் பாயின்ட்டில் டெஸ்டரை வைத்தேன். எர்த் துளை மேலே இருக்கும்படி பார்த்தால், வலது பக்கத் துளையில்தான் ஃபேஸ் இருக்க வேண்டும். அங்கே வலது பக்கம் ஒன்றுமில்லை. இடது பக்கம் டெஸ்டர் எரிந்தது. பக்கத்துச் சுவிட்சை அணைத்த பிறகும் எரிந்தது. ஹாலில் பார்த்தேன், சமையலறையில் பார்த்தேன். வீடு முழுக்க அதே கதை.

ஒரு வருடம் முன்பு மீட்டரிலிருந்து அவர்கள் வீட்டு டி.பி. பெட்டிக்கு வரும் ஒயரை மாற்றியிருந்தார்கள். அப்போது ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டன. அன்றிலிருந்து அந்த வீட்டின் ஒவ்வொரு சுவிட்சும் நியூட்ரலைத்தான் வெட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு எம்.சி.பி.யும் அப்படியே. பழைய குண்டு பல்பாக இருந்திருந்தால் கடைசி வரை யாருக்கும் தெரிந்திருக்காது. எல்.இ.டி.க்கு மிகச் சிறிய மின்னோட்டமே போதும். விளக்கு வரை உயிரோடு நின்ற ஃபேஸிலிருந்து, அணைந்த சுவிட்சுக்குப் போகும் ஒயர் வழியாகக் கசிந்த அந்தச் சொற்ப மின்சாரத்தில் அது ஒளிர்ந்தது. (எல்.இ.டி. மங்கலாக ஒளிர்ந்தாலே இதுதான் என்று முடிவு கட்ட வேண்டாம். சிவப்பு விளக்கு வைத்த இண்டிகேட்டர் சுவிட்சாலும், ஒரே குழாயில் நீண்ட தூரம் சேர்ந்து போகும் ஒயர்களாலும் அப்படி ஆகும். சோதித்துப் பார்க்க அது ஒரு காரணம், அவ்வளவுதான்.)

அவருடைய மகனிடம் கேட்டேன்: "தம்பி, சாயங்காலம் சுவிட்ச் மாத்தும்போது எதை அணைச்சீங்க?"

"மெயினையே அணைச்சுட்டேன் அங்கிள். எந்த எம்.சி.பி. எதுக்குன்னு லேபிள் இல்லை, அதனால."

லேபிள் ஒட்டியிருந்தால் அவர் பெட்ரூம் எம்.சி.பி.யை மட்டும் அணைத்திருப்பார். அது நியூட்ரலைத்தான் துண்டித்திருக்கும். விளக்கு நின்றிருக்கும், ஃபேன் நின்றிருக்கும், போர்டுக்குள் ஃபேஸ் அப்படியே இருந்திருக்கும். இதைச் சொன்னதும் அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் எலெக்ட்ரீஷியன் வந்து மீட்டர் பக்கத்தில் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் போட்டார். கால் மணி நேர வேலை.

இன்னொன்றையும் அப்போது பார்த்தேன். அந்த டி.பி.யில் ஆர்.சி.சி.பி. இல்லை. எம்.சி.பி.யும் ஃபியூஸும் ஒயரைக் காப்பாற்றத்தான் இருக்கின்றன, ஆளைக் காப்பாற்ற அல்ல. 60 வாட் பல்பு இழுப்பது 260 மில்லி ஆம்பியர். அதில் பாதிக்கும் குறைவான மின்சாரம் உடல் வழியாகப் போனாலே உயிர் போகலாம். 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமா என்று பார்த்துத் துண்டிக்கும் கருவிதான் ஆர்.சி.சி.பி. மனித உடல் எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்று ஆராய்ந்த கலிபோர்னியாப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், 1961-இல் அமெரிக்காவில் இதே அடிப்படையில் ஒரு கருவியை உருவாக்கினார். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை போட வேண்டும். மாதம் ஒரு முறை அதிலிருக்கும் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்கவும் வேண்டும்.

நம் வளாகத்தில் மீட்டர் ரூமிலிருந்து வரும் ஒயர்களைக் கடந்த சில ஆண்டுகளில் மாற்றிய வீடுகள் இன்னும் இருக்கின்றன. எந்தெந்த வீட்டில் எப்போது மாற்றினார்கள் என்ற பதிவு சங்கத்திடம் முழுமையாக இல்லை. ஆகவே செயற்குழுவிடம் இரண்டு யோசனைகள் வைத்திருக்கிறேன். ஒன்று, லைசென்ஸ் பெற்ற ஓர் எலெக்ட்ரீஷியனை வைத்து எல்லா வீடுகளிலும் ஃபேஸ், நியூட்ரல், எர்த் சரியாக இருக்கிறதா, ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று ஒரு முறை பார்ப்பது. இரண்டு, இனி மீட்டர் ரூமில் யார் வேலை செய்தாலும், முடித்த பிறகு அந்த வீட்டில் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது. அடுத்த பொதுக்குழுவில் இது வரும், வந்து உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் டெஸ்டர் இருந்தால் இன்றைக்கே ஒரு பிளக் பாயின்ட்டில் பாருங்கள். உலர்ந்த கை, காலில் செருப்பு, டெஸ்டரின் உலோகத் தண்டில் விரல் படாமல் கவனம். சுவிட்சைப் போட்டால் வலது துளையில் எரிய வேண்டும், அணைத்தால் அணைய வேண்டும். இடது துளையில் எப்போதும் எரியக் கூடாது. புது மாடுலர் போர்டுகளில் துளைக்குள் மூடி இருந்து டெஸ்டர் போகவில்லை என்றால் நெம்பாதீர்கள். என்னைக் கூப்பிடுங்கள், பி பிளாக் தரைத்தளம். இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் வருவேன்.